மலை ஏறும் ஜீப்புக்கு எந்த எண்ணெய்?

போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ள மலை இது. போளூரிலிருந்து புறப்படும் சாலை ஒன்று வளைந்து வளைந்து ஏறி, மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரை அடைகிறது. சாமையும் பலாவும் புளியும் தேனும் கீழே இறங்குவதும், உப்பும் சிமெண்டும் பாடப்புத்தகமும் மேலே ஏறுவதும் இத்தகைய சாலைகளில்தான். பெரிய சாலையை விட்டு விலகினால் தடம் கரடுமுரடாகிவிடும். அங்கே ஜீப்பும் சிறிய லாரியும்தான் துணை. அவற்றில் உங்களைவிட வயதில் மூத்த வண்டிகளும் உண்டு.

அப்படி ஒரு பழைய ஜீப்புக்குக் கியர் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைக்கிறார். இரண்டிலும் '90' என்ற எண் இருக்கிறது. ஆனால் ஒன்றில் 'ஜி.எல்.-4' என்றும் மற்றொன்றில் 'ஜி.எல்.-5' என்றும் எழுதியிருக்கிறது. எதை வாங்குவது?

'நான்கைவிட ஐந்து பெரிது. ஆகவே ஐந்துதான் உயர்ந்த எண்ணெய். அதையே எல்லாப் பெட்டிகளிலும் ஊற்றிவிடலாம்' என்று பலரும் நினைப்பார்கள். கணக்குப் பாடத்தில் ஐந்து பெரிதுதான். ஆனால் கியர் பெட்டிக்குள் அந்தக் கணக்கு செல்லாது. தவறான எண்ணெய் சில உதிரிப் பாகங்களை மெல்ல மெல்ல அரித்துவிடும். மலை இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது எப்படி என்று பார்ப்போமா?

ஒரு ஜீப்பில் எத்தனை எண்ணெய்ப் பெட்டிகள்?

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டது வில்லிஸ் ஜீப். போர் முடிந்தபின், 1947இல் மகிந்திரா நிறுவனம் அதை நம் நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கியது. நான்கு சக்கரங்களையும் என்ஜினே சுழற்றக்கூடிய வண்டி என்பதால் மலைத் தடங்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது.

என்ஜினின் சுழற்சி முதலில் கியர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' எனப்படும் பங்கிடும் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டி முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுழற்சியைப் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வோர் அச்சின் நடுவிலும் பூசணிக்காய்போலப் பருத்த ஒரு கூடு இருக்கும். அதற்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். பட்டறைகளில் இதைச் சுருக்கமாகக் 'கிரவுன்' என்பார்கள்.

டிஃபரன்ஷியல் எதற்கு? வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.2 மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். வண்டி அரைவட்டமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் ஓடும் கூடுதல் தூரம் 3.14 × 1.2, அதாவது ஏறத்தாழ 3.8 மீட்டர். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது! (ஏன் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பிணைத்தால் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே போகும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்யும் பற்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல்.

ஆக, நம் ஜீப்பில் கியர் பெட்டி, பங்கிடும் பெட்டி, முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு இடங்களில் எண்ணெய் உண்டு. நான்கின் வேலையும் ஒன்றல்ல. இதை மறந்துவிடாதீர்கள். நம் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

மரக்கட்டையைத் தள்ளிய எண்ணெய்

இரும்பு இரும்போடு உரசினால் தேயும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் மாட்டு வண்டியின் அச்சில் வண்டிமை தடவினார்கள். ஆனால் எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது என்பது நெடுநாள் வரை விளங்கவில்லை.

1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. மாறாக, துளை வழியே மேலே பொங்கி வந்தது! ஒரு தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே வந்து விழுந்தது. மரக்கட்டையைச் செருகினார். அதையும் எண்ணெய் மெல்லத் தள்ளிவிட்டது.

சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. குறுகலான இடைவெளிக்குள் இழுக்கப்படும் எண்ணெயில் பெரும் அழுத்தம் தோன்றி, அச்சின் சுமையையே அது தூக்கி நிறுத்துகிறது. இரு உலோகங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இதற்கான கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். எண்ணெயின் முதல் வேலை இவ்வாறு ஒரு மெல்லிய படலமாக நின்று உலோகங்களைப் பிரித்து வைப்பதே.

90 என்றால் என்ன?

படலம் நிற்க வேண்டுமானால் எண்ணெய்க்குத் தகுந்த பாகுநிலை வேண்டும். தண்ணீர் எளிதாக ஓடும். தேன் மெல்ல ஓடும். தேனின் பாகுநிலை அதிகம். சூடு ஏற ஏறப் பாகுநிலை குறையும். டப்பாவில் உள்ள '90' என்ற எண், சூடான நிலையில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கிறது. அமெரிக்க மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த அளவுமுறை இது. '80டபிள்யூ-90' என்று எழுதியிருந்தால் முன்னால் உள்ள 80டபிள்யூ குளிர்காலத்துக்கு உரியது. பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலும் அந்த எண்ணெய் மிதமிஞ்சி இறுகிவிடாது என்பது அதன் பொருள். ஜவ்வாது மலையின் மார்கழிக் குளிர் அவ்வளவு கடுமையானது அல்லவே! நமக்கு முக்கியமானது பின்னால் உள்ள 90தான்.

இங்கே ஒரு வேடிக்கை. என்ஜின் எண்ணெயில் 40 என்றும் கியர் எண்ணெயில் 90 என்றும் பார்த்தவுடன், கியர் எண்ணெய் இரண்டு மடங்குக்குமேல் கெட்டியானது என்று தோன்றும். உண்மை அதுவல்ல. 100 டிகிரி செல்சியஸில், 40 எண் என்ஜின் எண்ணெயின் பாகுநிலை 12.5 முதல் 16.3 அலகு வரை. 90 எண் கியர் எண்ணெயின் பாகுநிலை 13.5 முதல் 18.5 அலகு வரை. (இந்த அலகின் பெயர் சென்டிஸ்டோக்.) இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! சட்டையின் அளவும் செருப்பின் அளவும் வெவ்வேறு கணக்கு அல்லவா? அதுபோலவே இவையும் வெவ்வேறு அளவுகோல்கள்.

அப்படியானால் 140 எண் உள்ள கெட்டியான எண்ணெயை ஊற்றினால் இன்னும் பாதுகாப்பாக இருக்குமா? எல்லா இடத்திலும் அல்ல. கெட்டி எண்ணெயைக் கடைவதற்கே என்ஜினின் சக்தியில் ஒரு பகுதி வீணாகிச் சூடாக மாறும். குறுகலான இடங்களுக்கு அது மெதுவாகவே போய்ச் சேரும். வண்டியின் கையேடு கேட்டால் மட்டுமே அது சரி.

கந்தகம் நடத்தும் காவல்

இனி 4, 5 என்ற எண்களுக்கு வருவோம். இவை பாகுநிலையைக் குறிப்பவை அல்ல. எண்ணெயில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் எவ்வளவு கடுமையான சுமையைத் தாங்க உதவும் என்பதைக் குறிப்பவை. இந்த வகைப்பாட்டை வகுத்தது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்.

டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் பினியன் என்ற சிறு பற்சக்கரம் கிரவுன் என்ற பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. பழைய அமைப்பில் இரண்டின் அச்சுக்கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும். 1920களின் நடுவில் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் ஒரு புது அமைப்பு வந்தது. அதில் பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி வைக்கப்பட்டது. இதற்கு 'ஹைபாயிடு' என்று பெயர். காரின் தளத்தைத் தாழ்த்த முடிந்தது; பற்களும் பெரியவையாகி வலுவடைந்தன. ஜீப்பின் அச்சுகளிலும் இதே அமைப்புதான்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஹைபாயிடு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை. பக்கவாட்டில் வழுக்கி உரசவும் செய்கின்றன. பற்கள் தொடும் சிறிய இடத்தில் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 10,000 மடங்கு வரையும் அதற்கு மேலும் போகும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். பற்களின் நுனிகள் கணப்பொழுதில் சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்; அடுத்த கணம் பிய்ந்து வரும்.

இதைத் தடுக்கவே எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்களைக் கலக்கிறார்கள். படலம் கிழிந்து இரும்பு சூடேறும் அதே இடத்தில், கந்தகம் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு என்ற மெல்லிய பூச்சை உண்டாக்குகிறது. உரசலில் இந்தப் பூச்சு தேய்ந்து போகும், இரும்பு தப்பித்துக்கொள்ளும். பூச்சு போனதும் புதுப்பூச்சு உண்டாகும். கியர் எண்ணெய் டப்பாவைத் திறந்தவுடன் வரும் நாற்றத்துக்குக் காரணம் இந்தக் கந்தகச் சேர்மங்களே.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். 1970இல் அந்தத் திமிங்கிலத்தை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அமெரிக்கா அறிவித்து, அதன் எண்ணெய் இறக்குமதியை நிறுத்தியது. வேதியியலாளர்கள் மாற்றுப் பொருள்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கார்கள் நிற்கவில்லை, திமிங்கிலங்களும் பிழைத்தன.

இந்தக் கந்தகச் சேர்மங்கள் ஜி.எல்.-4 எண்ணெயில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஜி.எல்.-5 எண்ணெயில் உண்டு. ஆகவே ஹைபாயிடு டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 மிகப் பொருத்தம்.

பித்தளை வளையத்தின் கதை

கியர் பெட்டியின் கதை வேறு. அங்கே பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று இணையான தண்டுகளில் சுழல்கின்றன. வழுக்கும் உரசல் குறைவு. ஆனால் அங்கே ஒரு மென்மையான உறுப்பு இருக்கிறது. அதுதான் 'சிங்க்ரோ ரிங்' என்னும் வளையம்.

ஓடும் வண்டியில் கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு உறுப்புகளை ஒன்றாக இணைக்கவேண்டும். அப்படியே இணைத்தால் 'கரகர' என்று பற்கள் மோதும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்து, வேகங்களைச் சமமாக்கிய பிறகே கியர் போட்டார்கள். 1928இல் காடிலாக் கார்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. கூம்பு வடிவ வளையம் ஒன்று கியரின்மீது அழுந்தி, உராய்வினால் இரு வேகங்களையும் சமமாக்கிய பின்பே பற்கள் சேரும். பழைய வண்டிகளில் இந்த வளையம் பித்தளையால் அல்லது வெண்கலத்தால் ஆனது. வில்லிஸ் ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு இது உண்டு. முதல் கியருக்குக் கிடையாது.

பித்தளையிலும் வெண்கலத்திலும் இருப்பது எது? செம்பு! முட்டை பட்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கந்தகத்தின் வேலை. செம்பையும் கந்தகம் அப்படியே தாக்கும். சூடான கியர் பெட்டிக்குள், இரும்பைக் காத்த அதே கந்தகம் பித்தளை வளையத்தை அரிக்கத் தொடங்கும். எண்ணெய் நிறுவனங்கள் இதை அறியச் செம்புத் தகடு சோதனை நடத்துகின்றன. பளபளப்பாக்கிய செம்புத் தகட்டை 121 டிகிரி சூடான எண்ணெயில் 3 மணி நேரம் வைத்து, அது எவ்வளவு கறுத்தது என்று பார்க்கிறார்கள். இன்றைய ஜி.எல்.-5 எண்ணெய்களில் சில முன்பைவிட மென்மையானவை. ஆயினும் எல்லாம் அப்படி அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளையம் வேலை செய்வதே உராய்வினால்தான். ஜி.எல்.-5 எண்ணெயின் வேதிப்பொருள்கள் அந்தக் கூம்புப் பரப்பை வழுக்கலாக்கிவிடும். வளையம் பிடிக்காது, வேகங்கள் சமமாகாது, கியர் விழாது. எண்ணெய் என்றால் வழவழப்பாக இருப்பதே நல்லது என்று நினைக்கிறோம். இங்கே அளவுக்கு மீறிய வழவழப்பே குற்றமாகிவிடுகிறது.

இறக்கத்தில் கியர் விழாவிட்டால்?

சுமையோடு 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொள்வோம். அது இழக்கும் நிலை ஆற்றல் 2,000 × 9.8 × 500 = 98 லட்சம் ஜூல். இந்த ஆற்றல் 30 டிகிரி சூடுள்ள 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனையும் பிரேக்கிலேயே தீர்ந்தால் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அதனால்தான் 'ஏறும் கியரிலேயே இறங்கு' என்பார்கள் அனுபவமுள்ள ஓட்டுநர்கள். தாழ்ந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது.

இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்க முயலும்போது, தேய்ந்த வளையம் ஒத்துழைக்காமல் வண்டி நியூட்ரலிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? என்ஜினின் பிடி போய்விடும், வண்டி வேகமெடுக்கும். எண்ணெய் டப்பாவில் உள்ள ஒரு சிறிய எண் இங்கேதான் பெரிய எண்ணாகிவிடுகிறது.

ஓடையைக் கடக்கும்போது

மலைத் தடங்களில் ஓடையைக் கடக்க நேரும். ஏறி வந்த களைப்பில் டிஃபரன்ஷியல் கூடு 80 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்கிறது. தனி வெப்பநிலையில் சொன்னால் 353இலிருந்து 303க்கு இறங்குகிறது. உள்ளே அழுத்தம் 14 சதவீதம் குறையும். அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீரை உறிஞ்சி ஏற்றப் போதுமான வெற்றிடம்! அச்சுக் கூட்டின் மேலே உள்ள 'பிரீதர்' என்னும் மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், ஆயில் சீல் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். எண்ணெய் மோர்போல வெளுத்துவிடும். அது இனி உதவாது.

துளை அடைபட்ட வண்டி ஏற்றத்தில் சூடேறினாலோ, உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் சீல் வழியே வெளியேறிப் பிரேக் கட்டைகளை நனைக்கும். ஆகவே எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதோடு இந்தச் சிறு துளையைத் துடைப்பதும் முக்கியம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். எந்தப் பெட்டிக்கு எது என்று அதில் இருக்கும். சில வண்டிகளின் கியர் பெட்டிக்கு என்ஜின் எண்ணெயையும், சிலவற்றுக்குத் தானியங்கிக் கியர் பெட்டிகளின் சிவப்பு எண்ணெயையும் கேட்பார்கள். கையேடு கிடைக்காத பழைய வண்டியானால், ஹைபாயிடு டிஃபரன்ஷியலுக்கு 90 எண் ஜி.எல்.-5, பித்தளை வளையமுள்ள கியர் பெட்டிக்கு 90 எண் ஜி.எல்.-4 என்பது பொதுவிதி. பங்கிடும் பெட்டி கியர் பெட்டியோடு ஒட்டியிருந்து, எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசியும் அமைப்பானால், இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான்.

பழைய எண்ணெயை இறக்குமுன் ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றிப் பார்க்கவேண்டும். கீழே வடித்துவிட்டபின் மேலே உள்ள பிளக் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்! சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும்.

வடித்த எண்ணெய் பேசும். அதில் மை போன்ற நுண்ணிய இரும்புத்தூள் இருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பொன்னிறத் துகள்கள் மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது.

செய்து பாருங்கள்

மூடியுள்ள ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில், சிறிதளவு காற்று இருக்குமாறு விளக்கெண்ணெயை நிரப்பி இறுக மூடுங்கள். குப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் காற்றுக் குமிழி மெல்ல மேலே ஏறும். அது ஏறும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குப்பியைப் பத்து நிமிடம் வெந்நீரில் வைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். சூட்டில் பாகுநிலை எவ்வளவு குறைகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். தேங்காய் எண்ணெயில் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? மண்ணில் ஊற்றக்கூடாது, ஓடையில் விடவே கூடாது. செய்யாறு பிறப்பது இந்த ஜவ்வாது மலையில்தான். மலையில் சிந்திய எண்ணெய் மழையோடு இறங்கி, கீழே உள்ள ஏரிக்கும் வயலுக்கும் வரும். டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெயைச் சுத்திகரிப்பவர்களுக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிட்டால், அது மீண்டும் எண்ணெயாகும்.